கட்-அவுட் எண் இருபத்தேழு

செங்கை–கடலோரக் கால்பந்துப் பேரவை என்று ஒன்று உண்டு. பந்தை உதைக்கத் தெரியாதவர்கள் ஒன்றுகூடி, உதைக்கத் தெரிந்தவர்களை நிர்வகிப்பதற்காக ஏற்படுத்திக்கொண்டது. தலைவர் ஒருவர், துணைத் தலைவர்கள் ஒன்பது பேர், செயலாளர் ஒருவர், இணை, துணை, கௌரவ வகைச் செயலாளர்கள் பதினான்கு பேர். பந்துகள் நான்கு. அதில் இரண்டில் காற்று நிற்காது. கொரோனாவுக்கு முன்னால் இந்தப் பேரவையால் யாருக்கும் பெரிய தொந்தரவு இருந்ததில்லை. கோப்பை கொடுக்கும் நாளில் மேடையில் உட்கார்ந்து சால்வை போர்த்திக்கொண்டு, சுடச்சுட பஜ்ஜி தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். நோய் வந்துதான் அவர்களுக்கு வேலை வந்தது.

இரண்டாம் அலை அடங்கி, மறுபடி ஆட்டங்களை நடத்தலாம் என்றானதும் பேரவை முதல் காரியமாக ‘ரசிகன்’ என்றொரு செயலியை வெளியிட்டது. ஸ்மார்ட்போனில் அதை ஏற்றி, முகத்தைக் காட்டி, தடுப்பூசிச் சான்றை இணைத்தால் ஒரு கியூஆர் கோடு வரும். அதைக் கேட்டில் காட்டினால்தான் மைதானத்துக்குள் கால் வைக்கலாம். “செயலியில் பதிவு செய்யாத எவரும் ரசிகராகக் கருதப்பட மாட்டார்” என்று சுற்றறிக்கையும் விட்டார்கள். சுற்றறிக்கை செயலியில் மட்டும் கிடைத்தது.

ஆகவே ஹயாத் பாஷாவுக்குத் தான் ரசிகர் இல்லை என்ற விஷயம் தெரியாமல் போயிற்று. செங்கல்பட்டு பஜாரில் பிளாஸ்டிக் சாமான் கடை நடத்தி ஓய்ந்தவர். வயது அறுபத்தொன்பது. வைத்திருப்பது பட்டன் போன். பச்சைப் பட்டன் பேச, சிவப்புப் பட்டன் முடிக்க, மீதியெல்லாம் கம்பெனிக்காரன் அழகுக்கு வைத்தது என்பது அவர் கட்சி. கடலோரக் கோப்பையை முப்பத்தோரு வருஷமாக ஓர் ஆட்டம் விடாமல் பார்த்திருக்கிறார். தனியாக அல்ல, படாளத்து வரதனோடு. வரதன் கரும்பு வெட்டுகிற குடும்பத்தில் பிறந்து, ஒயர்மேன் வேலைக்குப் போய் ரிட்டயர் ஆனவர். இருவருக்கும் ஒரே அணி, படாளம் பிரதர்ஸ். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கோப்பை வாங்காத அணி அது.

இவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. படாளம் கோல் போட்டால் வரதன் பக்கத்தில் இருக்கிற ஹயாத் பாயின் தலையிலிருந்து தொப்பியைப் பிடுங்கி ஆகாயத்தில் வீசுவார். பாய், “டேய் வரதா, தொப்பில கை வெக்காதன்னு உனுக்கு எத்தினி வாட்டிடா சொல்றது?” என்று கத்திவிட்டு, காலடிகளுக்கு நடுவே தேடி எடுத்துத் தட்டிப் போட்டுக்கொள்வார். படாளம் அடிக்கடி கோல் போடுகிற அணி இல்லை என்பதால் தொப்பிக்குப் பெரிய சேதம் எதுவும் வந்ததில்லை.

வரதன் இரண்டாம் அலையில் போய்விட்டார். அன்றைக்குச் சாவுக்குப் போவதானாலும் ஆன்லைனில் பதிவு பண்ணிவிட்டுப் போக வேண்டும். மொத்தம் இருபது பேர்தான். பாய் ஒரு ஆட்டோ பிடித்துக் கிளம்பி, பாதி வழியில் போலீஸ் தடுப்புக் கம்பி போட்ட இடத்தில் இறங்கிக் கெஞ்சினார். “இருபது பேரு பதிவாயிட்டாங்க பெரியவரே. நீங்க இருபத்தியொண்ணு” என்றார்கள். ஒரு பிடி மண் போட முடியாமல் திரும்பி வந்து, கடைக்குப் போனதாக மனைவி ஹபீபாவிடம் பொய் சொன்னார். அந்தப் பொய் இன்னும் அவர் வயிற்றிலேயே கிடக்கிறது.

அந்த வருஷம் பார்த்துத்தானா படாளம் பிரதர்ஸ் அரையிறுதிக்கு வர வேண்டும்? வந்தது. பாய் பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றம் சுற்றி, மாமல்லபுரத்துக்குப் பக்கத்துச் சவுக்குத் தோப்பு மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கேட்டில் நின்றவன் திருவேங்கடம். ஒரு காலத்தில் கோல்கீப்பர், பாய் கடையில் வாளி வாங்கியவன்.

“கோடு காட்டு பாய்.”

“இன்னா கோடு? ஏய், நான்டா. ஹயாத்.”

“நீ யாருன்னு எனுக்குத் தெரியாதா? மிஷினுக்குத் தெரியணும் இல்ல?”

பாய் சட்டைப் பையிலிருந்து தடுப்பூசிக் காகிதத்தை எடுத்துக் காட்டினார். இரண்டு ஊசிக்கும் சான்று வாங்கி, மழையில் நனையாமல் லேமினேஷன் பண்ணி வைத்திருந்தார். திருவேங்கடம் அதைத் தொடாமல் இரண்டடி பின்னால் போனான். காகிதம் தொட்டால் பரவும் என்று பேரவை உத்தரவாம். பாய் மதிலுக்கு வெளியே தொண்ணூறு நிமிஷம் நின்று விசில் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தார். படாளம் ஜெயித்து ஃபைனலுக்குப் போன செய்தியைத் திருவேங்கடம்தான் சொன்னான்.

மறுநாள் வரதன் மனைவி பொன்னி போன் பண்ணினாள்.

“பாயண்ணே, கேட்டியா? அவுரு இல்லாத வருசமா பாத்து ஃபைனலு வந்துகினு கீது. நீயாச்சும் போய்ப் பாரு. பாத்துட்டு வந்து அவுரு படத்தாண்ட நின்னு ஒண்ணு வுடாம சொல்லணும். வேற யாரு சொன்னாலும் அவுரு நம்ப மாட்டாரு.”

“சொல்றேன்மா. சத்தியமா சொல்றேன்” என்றார் பாய். சொல்லிவிட்டாரே ஒழிய, உள்ளே போவது எப்படி?

கூடுவாஞ்சேரியிலிருந்து மகள் ஷஃபானா தன் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். செயலி, ரசிகர் தன் கையாலேயே போனைப் பிடித்து மூன்று விநாடி அசையாமல் பார்க்க வேண்டும் என்றது. பாய்க்குக் கையில் கொஞ்சம் நடுக்கம் உண்டு, வயசானால் வருகிறதுதான். ‘அசைவு கண்டறியப்பட்டது. பதிவு நிராகரிக்கப்பட்டது’ என்று வந்தது. பதினோரு தடவை முயன்றார்கள். சுவரில் சாய்ந்து, மேசையில் முழங்கை ஊன்றி, கடைசியில் ஹபீபா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு. ‘இரண்டாம் நபர் கண்டறியப்பட்டார்’ என்றது செயலி.

“மூணு நிமிட்டு கம்முனு இருக்க மாட்டீங்களா? எங்களப் பேஜாரு பண்றதுக்கு மட்டும் மணிக்கணக்கா குந்திகினு இருப்பீங்க” என்று ஹபீபா அலுத்துக்கொண்டாள்.

“மூணு விநாடிம்மா” என்று ஷஃபானா திருத்தினாள்.

வேறு வழியில்லாமல் பாய் பேரவை அலுவலகத்துக்கே போனார். செயலாளர் ராமானுஜம் முகக்கவசம் போட்டு, அதற்கு மேல் கண்ணாடி மறைப்பும் போட்டிருந்தார். மூச்சு விடும்போதெல்லாம் மறைப்பில் ஆவி படிந்தது. அவர் மூச்சை நிறுத்தினால் பாய் தெரிவார், பேசினால் மறைந்துவிடுவார். பெரும்பாலும் பேசிக்கொண்டிருந்தார்.

“பெரியவரே, ஒண்ணு புரிஞ்சிக்கணும். உங்கள மாதிரி மூத்த ரசிகர்கள் மேல பேரவைக்கு இருக்கற அக்கறைதான் இந்தச் செயலி. புள்ளிவிவரம் என்ன சொல்லுது? அறுபது வயசுக்கு மேலதான் அதிகம் பேர் இறந்திருக்காங்க. அறுபது வயசுக்கு மேலதான் ஸ்மார்ட்போன் இல்லாதவங்களும் அதிகம். ரெண்டையும் சேத்துப் பாருங்க. ஸ்மார்ட்போன் இல்லாததாலதான் சாவு வருதுன்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும்.”

“சார், நான் சாவல. ரெண்டு ஊசியும் போட்டுகினு உயிரோட வந்து உங்க எதிர நிக்கிறேன்.”

“அது உங்க கருத்து. செயலி அப்படிச் சொல்லலியே.” ராமானுஜம் லேமினேஷன் சான்றின் மேல் சானிடைசரை அடித்து, காய வைத்து, திருப்பிக் கொடுத்தார். “உங்களை விட்டுட முடியுமா? உங்களுக்குன்னே திட்டம் வெச்சிருக்கோம். மூத்த ரசிகர் மாண்புத் திட்டம். ஃபைனல்ல கிழக்குப் பக்க மாடம் முழுக்க உங்களுக்குத்தான். நாற்பது நாற்காலி. அதுல ஒண்ணு உங்க பேர்ல.”

உதவி மையத்து வசுமதி வந்து அவரை வெள்ளைச் சுவர் முன் நிறுத்திப் படம் பிடித்தாள். “சிரிங்க பெரியவரே, இன்னும் கொஞ்சம்” என்றாள். பாய் சிரித்தார். வாழ்நாளில் அப்படிச் சிரித்து அவர் படம் எடுத்துக்கொண்டதில்லை. நிக்காஹ் படத்தில்கூட முறைத்துக்கொண்டுதான் நிற்பார். வீட்டுக்கு வந்ததும் பொன்னிக்குப் போன் போட்டு, “சீட்டு கெடச்சிருச்சும்மா, என் பேரு போட்டு!” என்றார்.

ஃபைனலுக்கு இரண்டு நாள் முன்னால் ஃபிளெக்ஸ் கடை ஜான்சன் கூப்பிட்டு அனுப்பினான். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஊருக்கெல்லாம் பேனர் அடிப்பவன். கடைக்குள் போன பாய், பலகையில் ஒட்டி வெட்டிய தன்னையே பார்த்தார். இடுப்புக்கு மேலே நிஜ ஆள் அளவு, தலையில் தொப்பி, வாய் நிறையச் சிரிப்பு. கழுத்தில் 27 என்று ஓர் எண்.

“இன்னாடா ஜான்சா இது?”

“உனுக்குச் சொல்லலியா பாய்? ஃபைனல்ல மூத்தவங்க மாடத்துல குந்தப்போறது இதான். கட்-அவுட்டு. மொத்தம் நாப்பது. கட்-அவுட்டுக்கு ஆப்பு வாணாம், ஊசி வாணாம், மாஸ்க்கு வாணாம். சேர்மேல வெச்சிக் கட்டிட்டா முடிஞ்சுது.”

அதற்குள் பாய், அடுக்கி வைத்திருந்ததில் இருபத்தெட்டாம் எண்ணைப் பார்த்துவிட்டார். வரதன். மின்கம்பத்தில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் படம்தான். மாலையை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள், தோள் ஓரத்தில் ஒரு சாமந்தி தப்பிப் பிழைத்திருந்தது.

“இவுரு பூட்டாருடா.”

“நான் செயலாளருகிட்ட சொன்னேன் பாய். ‘பரவால்ல, அவரால விதிமீறலுக்கு வாய்ப்பே இல்ல, மொதல் வரிசைல வை’ன்னுட்டாரு.”

எவனுக்கு வயிறு எரியாது? பாய்க்கு எரிந்தது. அந்தப் பலகையை உடைத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் வரதன் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறான் என்பது அவரைப் பிடித்து நிறுத்தியது. “வண்டில ஒரு ஓரமா என்னையும் இட்டுகினு போடா. வரதன் குந்தறத ஒரு தபா பாத்துட்டு, மதிலாண்ட நின்னுக்கறேன்” என்று கேட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேரையும் குட்டியானை வண்டியில் அடுக்கிக் கட்டி ஜான்சன் கிளம்பினான். பாய் பின்னால் உட்கார்ந்து வரதனை மடியில் கிடத்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மாமல்லபுரம் நெருங்கியதும் கடல்காற்று ஒரு உதறு உதறியது. கயிறு அறுந்து, மேலே இருந்த ஒரு கட்-அவுட் எழும்பிப் பறந்து, எதிரே வந்த லாரிக்கு அடியில் போய்விட்டது. இறங்கிப் பார்த்தால் இருபத்தேழாம் எண். தொப்பியில் பாதியும் சிரிப்பில் பாதியும்தான் மிச்சம்.

ஜான்சன் தலையில் கை வைத்துக்கொண்டான். “நாப்பதுன்னு இன்விடேசன்லயே போட்டுக்கிறாங்க பாய். சீஃப் கெஸ்ட்டு ஒண்ணொண்ணா எண்ணி, நாப்பது பலூன் வுடப்போறாரு. ஒண்ணு கொறஞ்சா என்னை உள்ளயே வுட மாட்டாங்க.” சட்டென்று நிமிர்ந்து பாயை மேலும் கீழும் பார்த்தான். “பாய், நீயே குந்திக்கினா இன்னா?”

“எங்க?”

“உன் எடத்துலதான். அச்சா நீயேதான் கீற!”

கேட்டில் திருவேங்கடம் வண்டியில் இருந்ததை எண்ணினான். முப்பத்தொன்பது பலகை, நடுவே கழுத்தில் 27 மாட்டி, இடுப்பில் பழைய ஃபிளெக்ஸ் சுற்றி, ஹயாத் பாஷா. திருவேங்கடம் அவர் கண்ணைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்து, “நாப்பதும் சரி, போலாம்” என்றான். முப்பத்தோரு வருஷ ரசிகர் இப்படியாக மைதானத்துக்குள் வந்து சேர்ந்தார்.

நாற்காலியைத் தொட்டதுமே இது இரண்டாம் தரம், வெயிலில் கால் விரியும் என்று கடைக்கார மனசு சொல்லிவிட்டது. வரதனை இருபத்தெட்டில் வைத்துக் கட்டினான் ஜான்சன். பாயின் காதோரம் குனிந்து, “ஆடாத பாய். பேசாத. படத்துல சிரிச்சிகினு இருந்த இல்ல, அதே மாதிரி சிரிச்சிகினே இரு. கை தட்டிடாத, அம்மா மேல ஆணையா” என்று சொல்லிவிட்டு நகர்ந்தான்.

ஒலிபெருக்கியில் ராமானுஜம் விதிகளை வாசித்தார். பதினான்காம் விதி இது: “மூத்த ரசிகர் மாடத்தில் உயிருள்ள மனிதர் எவரேனும் காணப்பட்டால், அந்த மாடத்தை ஒட்டிப் பெஞ்சு போட்டிருக்கும் அணி தோற்றதாக அறிவிக்கப்படும்.” கிழக்கு மாடத்தை ஒட்டிப் பெஞ்சு போட்டிருந்தது படாளம் பிரதர்ஸ். பாயின் சிரிப்பு அப்படியே உறைந்தது. நல்லவேளை, அதுதான் தேவையாயிருந்தது.

பிறகு தலைவர் பேசினார். “இந்த நாற்பது பேரையும் பாருங்கள்! பீடி இல்லை. எச்சில் இல்லை. ரெஃப்ரியைத் திட்டவில்லை. கழிப்பறை எங்கே என்று கேட்கவில்லை. போன வருஷத்துக் கணக்கு எங்கே என்றும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட ரசிகர்களைத்தான் இந்தப் பேரவை இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது. ஒன்று சொல்கிறேன், நோய் போனாலும் இந்தத் திட்டம் போகாது!” கைதட்டல் ஒலிப்பதிவு ஒலித்தது. சீஃப் கெஸ்ட் நாற்பது பலூனை விட்டார்.

மேற்கு மாடம் செயலி வைத்திருப்பவர்களுக்கானது. அதில் ஈ, காக்கை இல்லை. அன்று காலையிலேயே சர்வர் படுத்துவிட்டதாம். முந்நூறு இளைஞர்கள் மதிலுக்கு வெளியே போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து சிக்னலைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மேடையிலிருந்த நிர்வாகிகள் இருபத்தைந்து பேரும் செயலியின் நேரலையில் ஆட்டத்தைப் பார்க்கத் தலையைக் குனிந்திருந்தார்கள். நேரலையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அவர்கள் அந்த வட்டத்தைப் பார்த்தார்கள்.

ஆக, ஆட்டத்தைப் பார்த்தது பாய் ஒருவர்தான்.

மூன்று விநாடி அசையாமல் இருக்க முடியாது என்று செயலி கைவிட்ட மனுஷன், ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையவில்லை. நடுங்குகிற கையைத் தொடைக்கு அடியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்து எழுந்து போனது. நாற்காலியின் பின்கால் மெதுவாக விரிந்துகொண்டே வந்தது. எதிரே ஆடிய முட்டுக்காடு அணிக்காரன் ஒருவன் படாளத்துப் பையன் காலைத் தட்டிவிட்டபோது, முப்பத்தோரு வருஷமாகப் பழக்கிவைத்த கெட்ட வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. விழுங்கினார். கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பினால் வரதன் தோளும் அந்தச் சாமந்தியும் தெரிந்தன.

எண்பத்தாறாவது நிமிஷம். படாளத்துப் பதினோராம் நம்பர் இடப்பக்க ஓரமாகவே ஓடினான். ஒருவனைத் தாண்டினான், இன்னொருவன் வழுக்கி விழுந்தான். கோட்டுக்கு மிக அருகிலிருந்து பந்தை நடுவே தூக்கிப் போட்டான். ஒல்லியாக ஒருத்தன், பெயர்கூடப் பாய்க்குத் தெரியாது, எங்கிருந்தோ வந்து எம்பித் தலையால் முட்டினான். வலை உப்பியது.

கோல்.

பாய் அசையவில்லை. எழுந்து கத்த வேண்டும் என்று உடம்பில் ஒவ்வொரு எலும்பும் கேட்டது. எழுந்தால் கோல் போய்விடும், கோப்பை போய்விடும், பொன்னியிடம் என்னவென்று சொல்வது? சிரித்தபடியே இருந்தார். தொப்பி தலையிலேயே இருந்தது. அதைப் பிடுங்க ஒரு கை வரவில்லை. அப்போதுதான் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கி, கன்னத்தில் வழிந்து, தாடியில் இறங்கியது. துடைக்கவும் முடியாது.

கைதட்டல் ஒலிப்பதிவு இரண்டு நிமிஷம் கழித்து, முட்டுக்காட்டுக்காரன் பந்தை வெளியே அடித்தபோது ஒலித்தது.

அந்த நேரம் பார்த்து ராமானுஜம் சீஃப் கெஸ்ட்டை அழைத்துக்கொண்டு மாடத்தைச் சுற்றிக்காட்ட வந்தார். கட்-அவுட்டுகளிடமிருந்தும் விதிப்படி இரண்டு மீட்டர் தள்ளியே நின்றார்கள். இருவர் மறைப்பிலும் ஆவி.

“ஜான்சன், இங்க வா. இருபத்தேழுல என்னய்யா, இங்க் வழியுது?”

“ஈரக்காத்து சார். உப்பு.”

“அடுத்த தடவை நல்ல இங்க் போடு. பேரவையோட மானம் போகுது பார்.” சீஃப் கெஸ்ட் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “ஆனா சிரிப்பு நல்லா வந்திருக்கு. உயிரோட இருக்கற மாதிரியே இருக்கு” என்றார்.

விசில் ஊதினார்கள். ஒன்று–பூஜ்யம். மேடையிலிருந்தவர்கள் தலையைத் தூக்கி, யார் ஜெயித்தார்கள் என்று ரெஃப்ரியைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். தலைவர் கோப்பையைக் கொடுத்தார். ஆட்டம் முழுக்கக் கட்டுப்பாட்டோடு நடந்துகொண்ட நாற்பது மூத்த ரசிகர்களுக்கும் பாராட்டுச் சான்றிதழ் வழங்கப்படும் என்றும், அவரவர் அதைச் செயலியில் பதிவிறக்கிக்கொள்ளலாம் என்றும் அறிவித்தார்.

குட்டியானை கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும் ஜான்சன் திரும்பிப் பார்த்துக் கேட்டான். “பாய், எங்க வுடட்டும்? செங்கல்பட்டா?”

“படாளம். பொன்னி வூடு.”

பாய் வரதனை எதிரே நிமிர்த்தி வைத்து, விழாமல் முழங்காலால் அணைத்துக்கொண்டார். பொன்னி வீட்டில் படத்தின் முன்னால் சொல்ல வேண்டியதை இங்கேயே ஆரம்பித்துவிட்டார். “வரதா, அந்தப் பதினோராம் நம்பரு கீறான் பாரு, கோட்ட ஒட்டியே வந்தான்டா. தூக்கிக் குடுத்தான். ஒரு ஒல்லிப்பிச்சான், யாரூட்டுப் புள்ளையோ தெர்ல, மண்டையாலயே போட்டான். போட்டுட்டாங்கடா. முப்பத்தோரு வருசம்டா வரதா.”

வரதன் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தன் தொப்பியைத் தானே கழற்றி, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி மேலே வீசினார். கடல்காற்று அதைப் பிடித்துக்கொண்டு சவுக்குத் தோப்புக்கு மேலே போனது. திட்டுவதற்கு வாயைத் திறந்தார். திட்ட ஆளில்லை.